டிஜே கலையைப் பெண்களுக்குக் கற்பிக்க அரசு இசைப்பள்ளிகள் முன்வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் இன்று திருமண வரவேற்பு, கல்லூரிக் கலைவிழா, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம், நிறுவனங்களின் ஆண்டு விழா என்று எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் மேடையின் ஓரத்தில் டிஜே ஒருவர் நிற்பதைப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்கள் நின்ற இடத்தில் பெரும்பாலும் இப்போது அவரே நிற்கிறார். கூட்டம் எப்போது எழுந்து ஆட வேண்டும், எப்போது சற்றே ஆறி உட்கார வேண்டும், மணமக்கள் மேடையேறும்போது எந்தப் பாட்டு எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர். அந்த இடத்தில் ஒரு பெண்ணைக் காண்பது மிக அரிது. பெருநகரங்களில் பெண் டிஜேக்கள் சிலர் பெயர் பெற்றிருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் வந்தால் அந்தச் சிலரையும் காணோம்.

நான் மிருதங்கம் கற்பித்து ஓய்வு பெற்றவள். என்னிடம் தாளம் பயின்ற மாணவிகளில் சிலர் கல்லூரிக்குப் போன பிறகு என்னைத் தேடி வந்து, டிஜே ஆவதற்கு எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஓர் இடமும் இல்லை. அப்படி ஓர் இடத்தை நம்முடைய அரசு இசைப்பள்ளிகளும் மகளிர் கல்லூரிகளும் உருவாக்கித் தர முடியும், தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கும் தனியார் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் டிஜே ஆகிறவர் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ் கடை வழியாகத்தான் வருகிறார். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையன் தெருமுனையில் உள்ள மைக் செட் கடையில் போய் நிற்கத் தொடங்குகிறான். முதலில் பாக்ஸ் தூக்குவான், ஒயர் சுற்றுவான், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் போட வண்டியில் ஏறிப் போய், இரவு மண்டபத்திலேயோ வண்டியிலேயோ படுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் திரும்புவான். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கடைக்கார அண்ணன் கணக்கு முடிக்கும் அரை மணி நேரத்தில், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் கை வைத்துப் பார்ப்பான். யாரும் தடுக்க மாட்டார்கள். இப்படி ஓரிரு வருடங்கள் கழிந்ததும் ஒரு நாள் அண்ணனுக்கு வேறு ஆர்டர் வந்துவிட, "டேய், இன்னைக்கு நீ பார்த்துக்கோ" என்று பொறுப்பு இவன் கைக்கு வரும். அன்றைக்கு அவன் டிஜே.

இந்தப் பாதையில் கல்வி என்று சொல்லத்தக்கது முழுவதும் அந்த உபரி நேரத்தில்தான் நடக்கிறது. பாடத்திட்டம், கட்டணம், சான்றிதழ் எதுவும் அதில் இல்லை. கருவியின் முன்னால் தனியாக நிற்கக் கிடைத்த மணிநேரங்கள் மட்டுமே உண்டு. ஒரு பெண் குழந்தை மைக் செட் கடையில் போய் நிற்க முடியாது, வெளியூர் போகும் வண்டியில் ஏற முடியாது, மண்டபத்தில் இரவு தங்க முடியாது. ஆகவே அந்த மணிநேரங்கள் அவளுக்குக் கிடைப்பதில்லை. அவளுக்கு இசையில் ஆர்வமில்லை என்றோ கருவிகள் என்றால் பயம் என்றோ சொல்கிறவர்கள் இந்த ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். தம்பிக்குத் தானாகக் கிடைத்துவிட்ட நேரத்தை அக்காவுக்கு யாராவது ஏற்பாடு செய்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டைத்தான் நான் பயிற்சி என்று சொல்கிறேன்.

டிஜேயிங் ஒரு கலையா, அதில் கற்பதற்கு என்ன இருக்கிறது, பாட்டைப் போடுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இசை ஆசிரியர்களிடமே இந்தக் கேள்வி இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்போது ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்றால் இரண்டு பாட்டின் காலப்பிரமாணமும், அதாவது தாள வேகமும், ஒன்றாக வேண்டும். நிமிடத்துக்கு 125 தாள அடியில் (பீட்) ஓடும் பாட்டோடு 128 அடியில் ஓடும் பாட்டைச் சேர்க்க வேண்டுமானால் முதல் பாட்டை 2.4 சதவீதம் வேகப்படுத்த வேண்டும். 1972ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்து, பின்னர் உலகமெங்கும் டிஜேக்களின் அடிப்படைக் கருவியாகிப்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியில் இதற்கென்றே வேகத்தை ஏற்றி இறக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு; பின்னால் வந்த அதன் மாதிரிகளில் அது எட்டு சதவீதம் மேலும் கீழும் நகரும் நெம்புகோலாக அமைந்தது. கணினியோடு இணைத்து இயக்கும் இன்றைய கன்ட்ரோலர் கருவிகளிலும் அதே நெம்புகோல் இருக்கிறது. ஒரு காதில் ஹெட்ஃபோனில் வரப்போகும் பாட்டு, மறு காதில் அரங்கில் ஒலிக்கும் பாட்டு. இரண்டின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை கை அந்த நெம்புகோலை மயிரிழை அளவில் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

வேகம் ஒன்றானால் மட்டும் போதாது. ஆட்டத்துக்குரிய பாடல்கள் பெரும்பாலும் எட்டு எட்டு அடிகளாகக் கட்டப்பட்டு, 16 அல்லது 32 அடிகளில் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி பிறக்கும். நம் கர்நாடக இசையின் ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று, போட்டால் 32. புதிய பாட்டின் முதல் அடி பழைய பாட்டின் சமத்தில், அதாவது சுற்று தொடங்கும் இடத்தில், வந்து விழ வேண்டும். நடுவில் விழுந்தால், அடி ஒத்திருந்தாலும் கேட்பவர்களுக்கு ஏதோ இடறியதுபோல் தெரியும். கச்சேரியில் தாளவாத்தியம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில், கோர்வை என்னும் முடிவுக் கோப்பை எங்கே தொடங்கினால் சரியாகச் சமத்துக்கு வரும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வாசிக்கும் ஒரு மிருதங்க மாணவிக்கு இது புதிய செய்தியே அன்று. அவள் பல வருடம் செய்துகொண்டிருக்கும் கணக்கு இது.

நம்முடைய பாடல்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் கிடைக்காது. நம் குத்துப் பாட்டுகளில் மிகப் பல திஸ்ர நடையில் ஓடுகின்றன. அடிக்குள் மும்மூன்றாகப் பிரிபவை அவை. மேற்கத்திய நடனப் பாட்டுகளோ பெரும்பாலும் சதுஸ்ரம், நந்நான்காகப் பிரிபவை. ஒரு சதுஸ்ரப் பாட்டிலிருந்து குத்துக்குப் போகும்போது வெறும் வேகத்தை மட்டும் ஒட்டவைத்தால் இரண்டின் உள்ளடிகளும் மோதிக்கொண்டு அரைநிமிடம் இரைச்சலாக இருக்கும். அடியை மாற்றாமல் உள்ளே நடையை மாற்ற வேண்டும். அந்த மாற்றம் நிகழும் இடத்தில் தாளக்கருவி மட்டும் ஒலிக்கும் பகுதியாகப் பார்த்து நுழைய வேண்டும். நடைபேதம் என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இன்னொன்றும் உண்டு. 1970களிலும் 1980களிலும் வந்த திரைப்பாடல்கள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவிக்கும் இரண்டாம் சரணத்துக்கும் இடையில் காலப்பிரமாணம் சற்றே ஏறும், இறங்கும். அந்தப் பாடல்களின் உயிரே அதில்தான் இருக்கிறது. கணினியில் உள்ள தானியங்கி ஒத்திசைவுப் பொத்தான் அடிகள் சீராகவே விழும் என்று எண்ணிக் கணக்குப் போடுவதால் இந்தப் பாடல்களில் தவறிவிடும். அங்கே காதும் கையும்தான் வழி. தாளம் பயின்ற பெண்கள், பரதநாட்டியத்தில் ஜதிக்குக் காலெடுத்து வைத்த பெண்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தக் கலைக்கு வேண்டிய காது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பெண்களுக்கு இந்தத் துறை அந்நியம் என்ற எண்ணமும் வரலாற்றோடு பொருந்தாதது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப்-ஹாப் இசையின் பிறப்பிடமாக உலகம் கொண்டாடுகிறது. அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் டிஜே கூல் ஹெர்க். அந்த விருந்தை ஏற்பாடு செய்து, நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தியவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பது அவருடைய நோக்கமாக இருந்தது. அண்ணனின் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. தங்கையின் பெயர் வெளியே வரப் பல காலம் ஆயிற்று.

நம் பக்கத்திலும் இதையே பார்த்திருக்கிறோம். மிருதங்கம் ஆண்களின் வாத்தியம் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட காலத்திலேயே திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்று மேடையேறினார். கடம் பெண்களின் கைக்குத் தாங்காது என்று சொல்லப்பட்டதை சுகன்யா ராம்கோபால் தம் வாசிப்பால் பொய்யாக்கினார். அவர்கள் திறமையால் மட்டும் மேலே வந்துவிடவில்லை. கற்றுத்தர ஒப்புக்கொண்ட ஒரு குரு இருவருக்கும் வாய்த்தார். அந்த ஒப்புதல் கிடைக்காமல் போன பெண்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிற நாடுகளில் இந்தக் குறையை உணர்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த டிஜே எலெக்ட்ரிக் இண்டிகோ 1998இல் தொடங்கிய ஃபீமேல் பிரஷர் என்ற அமைப்பு, மின்னணு இசை விழாக்களில் மேடையேறுகிறவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. 2012இல் பெண்களின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2020-21இல் அது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. அந்த உயர்வு தானாக வந்தது என்று நான் நினைக்கவில்லை. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில் லண்டன், பெர்லின், நியூயார்க் என்று பல ஊர்களில் பெண்களுக்கென்றே திறந்த பயிற்சி வகுப்புகள் நடந்தன. உகாண்டாவில் 1990களிலேயே இந்தத் தொழிலுக்கு வந்த டிஜே ரேச்சல், தாம் பட்ட சிரமம் அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டாம் என்று ஃபெம் எலெக்ட்ரானிக் என்ற அமைப்பை ஏற்படுத்திக் கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்குக் கற்பித்தார். உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவின் பொருளாதார நிலை திருச்சியினுடையதைவிட மேலானதன்று. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். டோக்கியோவில் தமது குடும்ப உணவகத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திவந்த சுமிகோ இவாமுரோ என்ற பெண்மணி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு டிஜே பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டு, 2018இல் உலகின் மிக வயதான தொழில்முறை டிஜே என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். அவர் சேர்வதற்கு ஒரு பள்ளி இருந்தது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் கேட்கும் பயிற்சி கல்லூரிப் பெண்களோடு நின்றுவிடக் கூடாது. நாற்பது வயதில் தொழில் தேடும் ஒரு தாய்க்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

இனி, பெற்றோர்களின் அச்சத்துக்கு வருகிறேன். இரவு வேலை, மது இருக்கும் இடம், தெரியாத ஆண்கள் கூட்டம். இந்த மூன்றையும் சொல்லித்தான் பெண்களைத் தடுக்கிறார்கள். இந்த அச்சத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து பெட்டியும் கையுமாக நள்ளிரவில் வெளியே நிற்கும் ஒரு பெண்ணுக்கு வீடு போய்ச் சேர்வது பெரிய கவலைதான். குடித்துவிட்டு மேடையேறி வந்து இந்தப் பாட்டைப் போடு என்று கையைப் பிடித்து இழுப்பவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் உள்ள பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அச்சத்துக்கு மருந்து பாதுகாப்பே தவிர விலக்கி வைப்பது அன்று என்பதை நம்முடைய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தில் இருந்த 30ஆம் பிரிவு செல்லாது என்ற டெல்லி உயர் நீதிமன்றத்தின் முடிவை, அனுஜ் கர்க் வழக்கில் 2007 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெண்ணைக் காப்பதாகச் சொல்லி அவளுடைய தொழிலைப் பறிப்பது காப்பு ஆகாது என்பதும், அவள் அச்சமின்றி வேலை செய்யும் சூழலை உண்டாக்குவது அரசின் பொறுப்பு என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். திரைத்துறையில் ஒப்பனைக் கலைஞர்களாகப் பெண்களைச் சேர்க்க மறுத்துவந்த சங்க விதியை 2014 நவம்பரில் சாரு குரானா வழக்கில் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். அதுவரை பெண்கள் முடியலங்காரம் செய்யலாம், ஒப்பனை செய்யக் கூடாது என்று ஒரு வழக்கம் பல பத்தாண்டுகள் கேள்வியின்றி இருந்தது.

டிஜே என்றாலே நள்ளிரவு மதுக்கூடம் என்று நினைத்துக்கொள்வதும் நம் ஊர் நடைமுறைக்குப் பொருந்தாது. மதுக்கூடங்களும் நட்சத்திர ஓட்டல்களும் சில நகரங்களில் மட்டுமே இருக்கின்றன. கல்யாண மண்டபங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வரவேற்பு நிகழ்ச்சிகள் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது; ஒழுங்காக நடத்தும் மண்டபத்தில் நிகழ்ச்சியே அதற்குள் முடிந்துவிடும். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா, மகளிர் தின நிகழ்ச்சிகள் எல்லாம் பகலில் நடப்பவை. இவற்றில் பலவற்றுக்குப் பெண் ஒருவர் வந்து இசையை நடத்தினால் வீட்டுப் பெண்கள் கூச்சமின்றி ஆடுவார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இஸ்லாமியக் குடும்பத் திருமணங்களில் பெண்கள் பகுதி தனியாக இருக்கும். அங்கே ஆண் டிஜேயை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் ஒரு பென் டிரைவில் பாட்டைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். வளைகுடா நாடுகளில் பெண்கள் மட்டும் கூடும் திருமண அரங்குகளுக்கென்றே பெண் டிஜேக்கள் இருக்கிறார்கள். அது அங்கே நிலைபெற்ற, நல்ல வருமானமுள்ள தொழில். நம்மிடம் தேவை இருக்கிறது, அதை நிறைவேற்றப் பயிற்சி பெற்றவர்கள்தான் இல்லை.

பயிற்சி இல்லாததால் விளையும் இன்னொரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். சில நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் பெண் டிஜே என்று விளம்பரம் செய்து ஒரு பெண்ணை மேடையில் நிறுத்திவிட்டு, வேறொருவர் முன்கூட்டியே கலந்து தந்த ஒலிப்பதிவை ஓடவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படுவது புன்னகை செய், கையை உயர்த்து, ஆடு என்பது மட்டும்தான். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆனால் இதன் விளைவை உண்மையாகவே திறமையுள்ள பெண்கள் சுமக்கிறார்கள். இவர் தாமாகவே வாசிக்கிறாரா, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்ற சந்தேகத்தை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர்கள் எதிர்கொள்கிறார்கள். ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கருவியை முழுமையாக அறிந்த பெண்கள் பலர் ஆகும்போதுதான் இந்தச் சந்தேகம் வலுவிழக்கும்.

எங்கே தொடங்கலாம் என்பதற்கு என் யோசனை இது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்கே மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. தாளம் தெரிந்த ஆசிரியர்களும் மாணவிகளும் அங்கே ஏற்கெனவே இருப்பதால், ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பாக இதை அங்கே தொடங்குவதே பொருத்தம். முதலில் இரண்டு மூன்று பள்ளிகளில் நடத்திப் பார்க்கலாம். பள்ளி மாணவிகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்களில் கோடை விடுமுறை வகுப்பாக நடத்தலாம். கல்லூரி மாணவிகளுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இதையும் ஒரு திறன் படிப்பாகச் சேர்க்கலாம்.

செலவு பெரிதாக ஆகும் என்று அதிகாரிகள் தயங்க வேண்டியதில்லை. பெரிய அரங்குகளில் உள்ள கருவிகள் லட்சக்கணக்கில் விலை போகின்றன என்பது உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்வதற்கு ஒரு தொடக்கநிலை கன்ட்ரோலரும் இரண்டு ஹெட்ஃபோனும் போதும். அவை ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் வந்துவிடுகின்றன. மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. மிக்ஸ் (Mixxx) என்னும் கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸிலும் இயங்கும் என்பதால் அரசு மாணவிகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே நிறுவிப் பழகலாம்.

பாடம் பாட்டுக் கலப்போடு நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மிக்ஸரிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை ஒயரை இணைக்கத் தெரியாத டிஜே, மைக் கூவத் தொடங்கினால் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அந்த யாரோ எப்போதும் ஓர் ஆணாக இருப்பார். ஆகவே ஒலியின் அளவை ஒவ்வொரு கட்டத்திலும் சரியாக வைப்பது, எர்த் இணைப்பைச் சோதிப்பது, ஜெனரேட்டருக்கு மாறும்போது கருவியைக் காப்பது எல்லாம் முதல் மாதத்துப் பாடமாக இருக்க வேண்டும். இவற்றைக் கற்ற பெண் டிஜே ஆகாமல் போனாலும் ஒலிப் பொறியாளராகவோ வானொலியிலோ நாடகக் குழுவிலோ வேலை பார்க்க முடியும்.

காதைக் காப்பதும் பாடமாக வேண்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அதில் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபலில் கால் மணி நேரமே பாதுகாப்பான அளவு என்பது தொழில் நலத் துறையில் ஏற்கப்பட்ட கணக்கு. நம்முடைய மண்டபங்களில் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணைக் காதடைப்பான் இல்லாமல் அங்கே நிறுத்தக் கூடாது. உரிமம் பற்றியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். திருமணத்திலும் அதைச் சார்ந்த விழாக்களிலும் பாட்டு ஒலிக்கச் செய்வதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. 2023 ஜூலையில் மத்திய அரசின் அறிவிப்பும் அதை உறுதி செய்தது. நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு இல்லை. இதை அறியாத புதியவர்களை மிரட்டிப் பணம் பறிக்க முடியும். முன்பணம் வாங்குவது, நேரத்தையும் வண்டி ஏற்பாட்டையும் எழுத்தில் பெறுவது, துணைக்கு ஒருவரை அழைத்து வர ஒப்பந்தத்திலேயே இடம் கேட்பது ஆகியவையும் இதோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டியவை.

முதல் சில மாதங்களாவது வகுப்பு பெண்களுக்கு மட்டுமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஆண்களை ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. கலந்து உட்காரும் வகுப்பில் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த பையன்கள் கருவியைச் சுற்றி நின்றுகொள்வதையும், பெண்கள் பின்னால் நின்று குறிப்பெடுப்பதையும் பள்ளி ஆய்வகங்களில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கற்பிப்பவரும் முடிந்தவரை பெண்ணாக இருக்கட்டும். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், மதிப்பூதியம் கொடுத்து வார இறுதியில் அழைத்தால் வருவார்கள். கருவிகளைப் பற்றிய பாடத்துக்கு நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் கடைக்கார அண்ணன்களையே அழைக்கலாம்; அவர்களுடைய அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது, பிறகு ஆர்டர் கொடுக்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.

கடைசியாக, நிர்வாகத்தில் இருப்பவர்கள் சிறியதென்று விட்டுவிடக்கூடிய ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துவிட்டு, மற்ற நாட்களில் கருவியைப் பீரோவில் பூட்டி, சாவியைத் தலைமை அலுவலரின் மேசையில் வைத்துவிட்டால் இந்தத் திட்டத்தால் பயன் இராது. இருபது மாணவிகளுக்கு ஒரு கருவி என்றால் வாரம் ஒருவருக்கு ஆறு நிமிடம்கூடச் சரியாகக் கிடைக்காது. ஐந்து பேருக்கு ஒரு கருவியாவது வேண்டும். பயிற்சி அறை தினமும் மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் திறந்திருக்க வேண்டும். மாணவிகள் முறைவைத்துப் பெயர் எழுதிவிட்டு, ஆசிரியர் இல்லாத நேரத்திலும் ஒரு மணி நேரம் தனியாகக் கருவியோடு இருக்க வழிசெய்ய வேண்டும். அறைக்குப் பொறுப்பாக ஒரு பெண் பணியாளரும், எட்டு மணிக்கு வெளியே வருகிறவர்களுக்குப் பேருந்து நிறுத்தம்வரை வெளிச்சமும் இருந்தால் பெற்றோர் அனுப்புவார்கள். வரும் கல்வியாண்டுக்கான மாணவர் சேர்க்கை அறிவிப்பு வெளியாகும் முன்பே கலை பண்பாட்டுத் துறை இதைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிருதங்க ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி